மேளம் மாறுது கண்ணு, ஓடு!

எங்கள் ஆபீஸில் தினமும் மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை ஒரு யுத்தம் நடக்கும். அக்கவுண்ட்ஸ் பையன்கள் நாலு பேர், தயிர்சாத டப்பாவை மூடிய கையோடு செல்போனைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு கேன்டீன் மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். "டேய், மாடியில ஒருத்தன் நடக்கறான்டா!", "நானில்லடா, அது எனிமி!", "போச்சுடா, செத்தேன்!" என்று குரல்கள் வரும். செத்தவன் எழுந்து போய் டப்பா கழுவுவான்.

போன மாசம் புது மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன். சத்தத்தைக் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "ஆடுங்கப்பா, வேண்டாங்கலை. ஆனா சவுண்டை மியூட்ல போட்டுட்டு ஆடுங்க" என்றார்.

அடுத்த டேபிளில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், என்னையும் அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "ஸார், அது மட்டும் முடியாது ஸார்!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பதினெட்டு வருஷ சர்வீஸில் இன்க்ரிமென்ட்டுக்காகக்கூட நான் இப்படி எழுந்து நின்றதில்லை. பையன்கள் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்கள்.

நாற்பத்துமூணு வயசு, லேசான தொப்பை, செல்போனில் பஞ்சாங்க ஆப் வைத்திருக்கிற ஆசாமி நான். எனக்கு எதுக்கு இந்த ஆவேசம் என்று நீங்களும் கேட்பீர்கள். அதற்குக் கொல்லிமலை ஏறவேண்டும். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் ஜன்னலோரம் உட்காரலாம்.

எனக்குச் சொந்த ஊர் பெரக்கரை நாடு. ஊர்ப்பெயரே நாடுதான். கொல்லிமலையில் அப்படித்தான். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு என்று ஏகப்பட்ட நாடுகள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விசா இல்லாமல் பஸ்ஸில் போய்வருகிற ஒரே மக்கள் நாங்கள்தான். காலேஜில் சேர்ந்தபோது "எந்த ஊருப்பா?" என்று கேட்டவரிடம் "பெரக்கரை நாடு ஸார்" என்றேன். "பாஸ்போர்ட் இருக்கா?" என்றார்.

சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி, அதுக்கும் கீழே மேய்கிற ஆடு. இதுதான் எங்கள் தோட்டம். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான், தாத்தா. அப்புறம் எப்போதாவது வந்துபோகிற சித்தப்பா. சித்தப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர். பம்பாய் லைன்.

தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெயில் அடித்தால் வெளிச்சம் தெரியும், ஆள் நின்றால் நிழல் தெரியும், அவ்வளவுதான். கண் இருந்த காலத்தில் அவர் கோயில் நோம்பிக்கு மேளம் அடித்தவர். மேளம் பரணில் ஏறிவிட்டாலும் விரல்கள் மட்டும் ஓயவில்லை. திண்ணை, சொம்பு, என் முதுகு, எது கிடைத்தாலும் தாளம் போடும். என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பிள்ளைகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் தாத்தா கூப்பிட்டால் அது உவமை இல்லை. கொல்லைக்குப் போவதென்றாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவார்.

1996 தீபாவளிக்கு வந்த சித்தப்பா, லுங்கியில் சுற்றி ஒரு பொட்டியைக் கொண்டுவந்தார். வெடிதான் என்று நினைத்தேன். பிரித்தால், டி.வி. கேம்! ஜப்பான் நிண்டெண்டோவின் மிஷினைப் பார்த்து யாரோ செய்த நகல். இரண்டு ரிமோட், ஒரு கேசட். "ஓனர் மவனோடது. மார்கழி கடைசில திருப்பிக் குடுத்துரணும். ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டு லாரி ஏறிவிட்டார்.

எங்கள் வீட்டில் இருந்தது 14 இஞ்ச் கறுப்பு வெள்ளை டி.வி. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு கேம் ஒயரைச் சொருகினால்தான் படம் வரும். அதாவது, நான் ஆடினால் வீட்டில் 'ஒளியும் ஒலியும்' இல்லை. அம்மாவுக்கும் எனக்கும் பகை ஆரம்பித்தது அங்கேதான்.

கேசட்டில் நூற்றுக்கணக்கில் விளையாட்டு என்று லேபிள் சொன்னது. நிஜத்தில் ஆறேழுதான், அதையே திரும்பத் திரும்பப் பேர் மாற்றிப் போட்டிருந்தார்கள் (நம்ம ஊர் சீரியல் மாதிரி). அதில் ஒன்றுதான் மீசை வைத்த குள்ளன் ஒருத்தன் ஓடி ஓடிக் காளானை மிதிக்கிற 'சூப்பர் மாரியோ'. 1985-ல் ஜப்பானில் வந்து உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டியது பெரக்கரை நாட்டுக்கு வந்துசேர 11 வருஷம் ஆகியிருந்தது. பரவாயில்லை, எங்களுக்கு எல்லாமே வளைவு சுற்றித்தான் வரும்.

* * *

மூன்றாம் நாள் அது நடந்தது.

நான் தரையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். தாத்தா பின்னால் சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். திடீரென்று, "என்ன கண்ணு, குகைக்குள்ள போயிட்டியா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாரியோ அப்போதுதான் குழாய் வழியாகப் பாதாளத்துக்குள் இறங்கியிருந்தான். "எப்படி தாத்தா?"

"மேளம் மாறுச்சேடா. வெளிய இருக்கறப்ப துள்ளிக்கிட்டு அடிச்சான். இப்ப பதுங்கிப் பதுங்கி அடிக்கறான். எடையில எடையில நிறுத்தறான் பாரு. இருட்டுக்குள்ளதான் அப்படி நடப்போம்."

அடுத்த நாள் தண்ணிக்குள் நீந்துகிற கட்டம். "இது குளமா, ஆறா?" என்றார் தாத்தா. மறுநாள் கோட்டை. "இங்க நிக்காத கண்ணு, இது ஆகாத எடம்."

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரம் உண்டு. மூலையில் எண் குறைந்துகொண்டே வரும். நூறைத் தொட்டதும் ஒரு எச்சரிக்கை ஒலி. அப்புறம் அதே பாட்டு வேகமாக ஓடும். ஆடுகிற நமக்கு எண்ணைப் பார்க்க நேரம் இருக்காது. தாத்தாவுக்கு எண்ணே தெரியாது. ஆனால், "மேளம் மாறுது கண்ணு, ஓடு!" என்று கத்துவார். நான் ஓடுவேன். அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடினோம். எனக்குக் கை, அவருக்குக் காது.

இந்தப் பாட்டைப் போட்டவர் பேர் கோஜி கோண்டோ என்பதெல்லாம் பல வருஷம் கழித்து நான் தெரிந்துகொண்டது. 1984-ல் நிண்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அவர் கையில் என்ன இருந்தது தெரியுமா? வயலின் கூட்டமா, கோரஸா? ஒன்றும் கிடையாது. அந்த மிஷினுக்கு மொத்தமே ஐந்து குரல். மெட்டுக்கு இரண்டு, கீழ்சுருதிக்கு ஒன்று, 'உஸ்ஸ்' என்று இரைகிற சத்தம் ஒன்று (அதுதான் டிரம்ஸ்!), பதிவு செய்த சத்தத்துக்கு ஒன்று. அதிலும் மாரியோ குதித்தால் 'டொய்ங்' என்று வருமே, அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டு, பாடிக்கொண்டிருக்கும் ஒரு குரல் சட்டென்று வாயை மூடிக்கொள்ள வேண்டும். மொத்த விளையாட்டும், படம், பாட்டு, காளான் எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட். உங்கள் பெரியப்பா காலையில் அனுப்புகிற ரோஜாப்பூ குட்மார்னிங் அதைவிடப் பெரிசு.

அந்தக் கொசுறு இடத்துக்குள் தரைக்கு ஒன்று, பாதாளத்துக்கு ஒன்று, தண்ணிக்கு மூன்று தாளத்தில் மிதக்கிற வால்ட்ஸ் ஒன்று, கோட்டைக்கு ஒன்று என்று வைத்தார் மனுஷன். 2023-ல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், காலாகாலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் இந்த மெட்டைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுதான் முதல் தடவை. எங்கள் தாத்தா அந்த சர்டிபிகேட்டை 1996-லேயே கொடுத்துவிட்டார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "தாத்தா, சினிமாவுலயும்தான் பின்னாடி மியூசிக் வருது. அது மாதிரிதானே இதுவும்?"

"இல்ல கண்ணு" என்றார். "சினிமாவுல கதை முடிஞ்சுபோச்சு. எப்ப அழுவான், எப்ப அடிப்பான்னு அடிக்கறவனுக்கு முன்னாடியே தெரியும். இங்க உனக்கே தெரியாது, நீ எப்ப சாவேன்னு. நோம்பில சாமி வந்து ஆடறவன் மாதிரி. அவன் காலைப் பாத்துத்தான் நாங்க அடிப்போம். அவன் தளர்ந்தா நாங்க தளரணும். அவனுக்கு ஏறுனா நாங்க ஏத்தணும். சில நேரம் நாங்க ஏத்துனாத்தான் அவனுக்கு ஏறும். யாரு யாரை ஆட்டறாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

ஸார், சத்தியமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் லூகாஸ் ஆர்ட்ஸ் என்ற கம்பெனியில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் என்று இரண்டு பேர், ஆடுகிறவன் போகிற போக்குக்கேற்ப இசை நழுவி மாறுகிற ஏற்பாடு ஒன்றைச் செய்து, 1991-ல் வந்த 'மங்கி ஐலண்ட்' இரண்டாம் பாகத்தில் போட்டார்கள். அதைப் பற்றி இன்டர்நெட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். தாத்தா வெற்றிலைச்சாறைத் துப்பிவிட்டுச் சொன்னதுக்கு மேலே அதில் ஒன்றும் இல்லை.

அதற்கும் முன்னால், 1978-ல் வந்தது 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. ஜப்பானின் டோமோஹிரோ நிஷிகாடோ செய்தது. அதில் பாட்டென்று எதுவும் இல்லை. நாலே நாலு கட்டை சுரம், டொம்… டொம்… டொம்… டொம். வேற்றுக்கிரக ஆசாமிகள் கீழே இறங்க இறங்க அது வேகமாகும். கேட்கிறவன் நெஞ்சும் கூடவே ஓடும். நாலு சுரத்தை வைத்து ஒருத்தனுக்கு வியர்க்க வைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய விளையாட்டு அது.

இதெல்லாம் ஜப்பான்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. ஒரே அம்பு. யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நிற்கிறது. ஒரே அம்பில் அஞ்சு! அக்கவுண்ட்ஸ் பையன்கள் இதைக் 'காம்போ' என்பார்கள். அதைப் பார்த்த புலவர் என்ன செய்கிறார்? வேடன் யார் என்றுகூடத் தெரியாமல், தன் கூட்டத்தைப் பார்த்து முழவைக் கட்டு, யாழைச் சுருதி சேர், தூம்பு எடு, எல்லரி அடி, ஆகுளி அடி, பதலையை மெதுவாகத் தட்டு என்கிறார். அதாவது, ஷூட்டிங் முடிந்தவுடன் பேக்ரவுண்ட் மியூசிக்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் மலையில் மியூட்டில் யாரும் ஆடவில்லை, மேனேஜர் ஸார்.

* * *

இனிமேல் சொல்லப்போவதுதான் சொல்ல வராத பகுதி.

மார்கழியில், பள்ளிக்கூடம் அரையாண்டு லீவு விட்டிருந்த நேரம், செம்மேட்டில் இலவசக் கண் சிகிச்சை முகாம் வந்தது. பரிசோதனை செய்து, புரை முற்றியவர்களை பஸ்ஸில் கீழே கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கூட ஒரு ஆள் போகவேண்டும். அப்பாவுக்குக் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். அக்காவும் அம்மாவும் அவரோடு தோட்டத்தில். "நாளைக்குக் காத்தால மொத பஸ்ஸுக்குத் தாத்தாவைக் கூட்டிட்டுப் போயிரு" என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி நான் எட்டாவது உலகத்துக்கு வந்திருந்தேன். மொத்தம் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம். இன்னும் நாலே கட்டம், இளவரசி கிடைத்துவிடுவாள். அதுவரை ஒவ்வொரு கோட்டையிலும் உயிரைக் கொடுத்து உள்ளே போனால், "இளவரசி வேற கோட்டையில இருக்கா" என்றே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் (நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி). அந்த விளையாட்டில் பாதியில் சேமித்து வைக்கிற வசதி கிடையாது. அணைத்தால் திரும்பவும் முதலிலிருந்துதான். அதனால் 'பாஸ்' போட்டுவிட்டு, டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டு, பொட்டியை ராத்திரி பூரா எரியவிட்டேன். தாத்தா இருட்டில் கேட்டார். "மேளம் நின்னுருச்சே. அவனும் தூங்கறானா?"

நான் தூங்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு முகாமுக்குப் போனால் மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் படம் போடுவான், அம்மா ஒயரைப் பிடுங்குவாள். புதன்கிழமை சித்தப்பா வருவார், பொட்டி போய்விடும்.

காலையில் தாத்தா குளித்து, வேட்டி மாற்றி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தாத்தா, முகாமைத் தள்ளி வெச்சுட்டாங்களாம். அடுத்த மாசமாம்."

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. விரல் மட்டும் பையின் மேல் இரண்டு தட்டு தட்டியது. "செரி கண்ணு. அப்ப உக்காந்து ஆடு. நானும் வர்றேன்."

ஆடினேன். பின்னால் தாத்தா. எட்டில் ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, மூன்றும் முடிந்தது. கடைசிக் கோட்டை. அந்தக் கிறுகிறுக்கிற கோட்டை மேளம். "இருக்கறதுலயே ஆகாத எடம் இதுதான்" என்றார் தாத்தா. எந்தக் குழாய்க்குள் போகவேண்டும் என்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்தேன். மணி பத்து நாற்பது.

கரண்ட் போச்சு.

பெரக்கரை நாட்டில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. புதன்கிழமை சித்தப்பா வந்து பொட்டியை லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அப்பாவிடம், "தாத்தாதான் வரமாட்டேன்னுட்டாரு" என்று சொல்லியிருந்தேன். அப்பா ராத்திரி தாத்தாவைப் பிடித்துக்கொண்டார். "ஓசில செய்யறான், அதுக்குக்கூடப் போகமுடியலையா?" நான் கதவுக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தாத்தா நிதானமாகச் சொன்னார். "ஆமாப்பா, நாந்தான் வல்லைன்னேன். குளுரு."

அவருக்கு எப்படித் தெரியும்? கேட்க எனக்கு தைரியம் இல்லை.

1997 ஜனவரி 1-ஆம் தேதி சேலத்தைப் பிரித்து நாமக்கல் மாவட்டம் பிறந்தது. நாங்கள் ராத்திரி படுத்தது ஒரு மாவட்டம், காலையில் எழுந்தது ஒரு மாவட்டம். தை பிறந்ததும் அக்காவுக்கு ஆத்தூரிலிருந்து வரன் வந்தது. கிடுகிடுவென்று பேசி, மாசியில் கல்யாணம். அரக்குச் சேலையில் அக்கா வந்து தாத்தா காலில் விழுந்தாள். தாத்தா அவளை எழுப்பி, நெற்றி, புருவம், மூக்குத்தி, தாடை என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "எப்படி இருக்கேன் தாத்தா?" என்றாள். "எங்கம்மா மாதிரி இருக்கே ஆயா" என்றார். எல்லோரும் அழுதார்கள். நான் பந்தியில் இலை போடுகிற சாக்கில் ஓடிப்போனேன்.

அடுத்த முகாம் அந்த வருஷக் கடைசியில்தான் வந்தது. இந்தத் தடவை முதல் பஸ்ஸுக்கு அரைமணி முன்னாலேயே நான் தாத்தாவோடு நின்றேன். ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தார். சித்தப்பா நாமக்கல்லில் இருந்தார். மலைக்குத் திரும்புமுன் எங்களை ஓனர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். அங்கே ஹாலில், கலர் டி.வி.யில், ஓனர் மகன் மாரியோ ஆடிக்கொண்டிருந்தான்.

தாத்தா மெல்லக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இவனா?"

"ஆமா தாத்தா."

"இத்துனூண்டு பயலுக்கா அவ்ளோ மேளம்?"

சிரித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "இப்படித்தான் நல்லாருக்கு. நான் வெச்சிருந்தவன் இதைவிட உசரம்."

பஸ் மலை ஏறியது. நாலு வருஷம் கழித்து மலையைப் பார்க்கிறார். ஒவ்வொரு வளைவிலும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி மலை ஏறியிருப்போம். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"போன வருஷம் மைக்செட்டு காரு ரெண்டு தரம் போச்சு கண்ணு. ஒருக்கா கீழ ரோட்டுல, ஒருக்கா மேல ரோட்டுல. நாளைக்கு முகாம்னு கத்திக்கிட்டேதான் போனான். எனக்குக் கண்ணுதானே தெரியாது."

எனக்கு வயிற்றைப் பிரட்டியது. வளைவினால் இல்லை.

"அப்ப ஏன் தாத்தா ஒண்ணும் சொல்லலை?"

"பொய் சொல்றப்ப உன் மேளம் மாறுது. அடிக்கறவனுக்கு அது தெரியாது, கேக்கறவனுக்குத் தெரியும். போவட்டும், பையன் ஆசைப்படறான், நாமளும் அந்தக் கடைசிக் கோட்டையைக் கேட்டுட்டுப் போவோம்னு நெனச்சேன். கண்ணு எங்க ஓடிப்போவுது, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்னு." கொஞ்ச நேரம் நிறுத்தினார். "உங்கக்கா கண்ணாலம் மட்டும் கணக்குல வராம போச்சு."

அவ்வளவுதான். அதற்கப்புறம் 2004-ல் கண்ணை மூடுகிறவரை அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

* * *

இப்போது நான் ஆடுவது குறைவு, கேட்பது அதிகம். 2020-ல் வந்த 'லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், கண் தெரியாதவர்களும் காதை வைத்தே கடைசி வரை ஆடி முடிக்கும்படி வழி செய்திருக்கிறார்கள். எகிறவேண்டிய இடத்துக்கு ஒரு ஒலி, பதுங்க ஒரு ஒலி. கண் தெரியாதவர்கள் நிஜமாகவே ஆடி முடித்திருக்கிறார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023-லிருந்து வீடியோ கேம் இசைக்கென்றே தனி கிராமி விருது கொடுக்கிறார்கள். முதலில் வாங்கியவர் ஸ்டெஃபனி எகனாமு என்ற பெண்மணி.

அதே 2023-ல் வந்தது 'வெண்பா'. பேரைப் பார்த்தீர்களா? கனடாவில் டொரான்டோவில் இருக்கிற 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் கம்பெனி செய்தது. சுடுவது கிடையாது, குத்துவது கிடையாது. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தில், தன் அம்மாவின் கிழிந்த சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெண்பா இட்லி அவிக்கிறாள், புட்டு செய்கிறாள். அவள் சமையல்கட்டில் ரேடியோ பாடும். நம்ம ஊர் சினிமாப் பாட்டின் ஒவ்வொரு காலத்து வாசனையிலும் அந்த விளையாட்டுக்கென்றே மெட்டுப் போட்டிருக்கிறார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா, அதைச் சிறந்த அறிமுக விளையாட்டு என்று கௌரவித்தது.

மகன் தூங்கியபிறகு ஆடிப் பார்த்தேன். ரேடியோவைத் திருப்பினால்தான் அது சமையல்கட்டு ஆகிறது. மியூட்டில் போட்டுப் பார்த்தேன். பாத்திரமும் அரிசியும் கலர் கலராக இருந்தன. ஆனால் அது யார் வீடு என்று தெரியவில்லை. சத்தத்தைத் திருப்பினேன், மார்கழியில் அம்மா புகையூதுகிற அடுப்படிக்கு வந்துவிட்டேன். அதில் ஒரு அம்மாவிடம் மகன் தவறவிட்டவை நிறைய வருகிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன், ஆடிப்பாருங்கள்.

சரி, மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனையும் அவரிடம் சொல்லவில்லை. "ஸார், இந்தப் பசங்க ஆடற விளையாட்டுப் பேர் பி.ஜி.எம்.ஐ. பேர்லயே பி.ஜி.எம். இருக்கு, ஆனா சண்டை நடக்கறப்ப பின்னணி இசையே கிடையாது. வேணும்னுதான் போடலை. காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆள் எங்கே வர்றான்னு தெரிஞ்சுக்கணும். அந்த அமைதிதான் அங்கே மேளம். மியூட்ல போட்டா இவங்க கண்ணைக் கட்டி விட்ட மாதிரி ஸார்" என்றேன்.

மேனேஜர் யோசித்தார். நாலு பையன்களையும் பார்த்தார். "அப்ப இயர்போன் போட்டுக்கிட்டு ஆடுங்களேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினெட்டு வருஷ சர்வீஸில் நான் நடத்திய ஒரே போராட்டம் பத்து விநாடியில் முடிந்தது.

ஒரு விஷயம் பாக்கி. அக்காவிடம் இதுவரை நான் சொன்னதில்லை. இன்றைக்கும் ஆத்தூரில் அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பிரித்தால், "தாத்தாவுக்கு மட்டும் அப்பக் கண்ணு இருந்திருந்தா" என்பாள். நான் தண்ணி குடிக்க எழுந்துபோவேன். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் நான் நிறைய தண்ணி குடித்திருக்கிறேன்.

அக்கா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவள். முதலில் ஜோக்ஸ், அப்புறம் ராசிபலன், அப்புறம்தான் மற்றதெல்லாம். இந்தப் பக்கத்துக்கு வர எப்படியும் இரண்டு நாள் ஆகும். அப்புறம் போன் வரும்.

என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாது. ஆனால் 'ஹலோ' என்கிற அந்த ஒரு சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.